அது தூங்கலைங்க

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. இன்னைக்கு வந்திருக்கேன், ஆனா கோபத்தோடதான் வந்திருக்கேன். மதியம் கேன்டீன்ல பக்கத்து டேபிள்ல ரெண்டு பேர் தெலுங்குல பேசிட்டிருந்தாங்க. சங்கராந்திக்கு ஊருக்குப் போறப்ப உன் பல்லிய என்ன பண்ணுவேன்னு பொண்ணு கேட்குது. பையன் அசால்ட்டா பதில் சொல்றான்: "தூங்க வச்சுட்டுப் போயிடுவேன். குளிர்காலம்தானே, பத்து நாளைக்கு அதுக்குச் சோறே வேணாம்."

எனக்குச் சோறு இறங்கல. தட்டை வச்சுட்டு எழுந்து வந்துட்டேன். இதே வசனத்தை ஒரு தடவை கேட்டு, தலையாட்டி, அதனால ஒரு உயிர் போனதைப் பார்த்தவன் நான். பார்த்தவன் மட்டும் இல்ல, அதுல எனக்கும் பங்கு உண்டு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க டீம்ல மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருத்தன். கொண்டாப்பூர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஃபிளாட். ஹைதராபாத் வந்த புதுசுல வீடு பார்த்துக் கொடுத்தது நான். எந்தக் கடையில நல்லெண்ணெய் நம்ம ஊர் மாதிரி இருக்கும்னு சொல்லிக் கொடுத்தது தங்கமணி. தனியா இருக்குற பையன். நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் விடல. ஒரு ஞாயித்துக்கிழமை போன் போட்டு, "அண்ணே, ஒண்ணு வாங்கியிருக்கேன், அண்ணியையும் கூட்டிட்டு வாங்க"ன்னான். போனா, கண்ணாடித் தொட்டிக்குள்ள பச்சைப் பசேல்னு ஒண்ணரை அடிக்கு ஒரு இகுவானா. தாடைக்குக் கீழ தொங்குற தோல், முதுகு நெடுக முள்ளு. பேரு மாணிக்கம். "இப்ப சாதுண்ணே, வளர்ந்தா பாட்ஷா"ன்னு விளக்கம் வேற. தங்கமணி வாசப்படி தாண்டி உள்ள வரல.

வித்த ஆள் அவன்கிட்ட சொன்னது மூணே மூணு: ஒரு தொட்டி, ஒரு பல்பு, கொஞ்சம் கீரை. குரைக்காது, முடி கொட்டாது, மெயின்டெனன்ஸே இல்ல. அது அஞ்சு, ஆறு அடி வரைக்கும் வளரும்னோ, சாதா பல்பு போதாது, யுவிபி விளக்கு இல்லேன்னா கால்சியம் சேராம எலும்பு வளைஞ்சுடும்னோ யாரும் சொல்லல. அதைக்கூட விடுங்க, தம்பியே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கிப் போட்டுட்டான். அக்கறை இல்லாதவன் இல்ல அவன். அதனாலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. அக்கறை உள்ளவனையே ஏமாத்துற வார்த்தை இந்த "தூக்கம்".

போன வருஷம் பொங்கல். பன்னெண்டு நாள் லீவு, சார்மினார் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கன்ஃபர்ம். மாணிக்கத்தை என்ன பண்றது? நெட்ல தேடியிருக்கான். வெளிநாட்டுக்காரங்க எழுதின வழிகாட்டி கிடைச்சிருக்கு, உங்கள் பல்லியைக் குளிர்கால உறக்கத்துக்குத் தயார் செய்வது எப்படின்னு. வெளிச்சத்தைக் குறைங்க, சூட்டைக் குறைங்க, இருட்டான அமைதியான இடத்துல வைங்க, சாப்பாடு வேண்டாம், தொந்தரவு பண்ணாதீங்க. படிச்சதும் அவனுக்கு லாட்டரி அடிச்ச சந்தோஷம். "அண்ணே, அதுக்கே குளிர்காலத்துல தூங்கணுமாம்ணே. நாம லீவு போடுற மாதிரி அதுக்கும் லீவு." ஊருக்குப் போற ராத்திரி வயிறு நிறைய முருங்கைக்கீரை கொடுத்தான். ஒரு அட்டைப்பெட்டியில பேப்பரைக் கிழிச்சுப் போட்டு, உள்ள விட்டு, பாத்ரூம்ல வச்சான். பல்பெல்லாம் ஆஃப். சாவி என் கையில. ரெண்டு நாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கணும், அவ்வளவுதான் என் வேலை.

மூணாம் நாள் போனேன். பச்சை நிறம் மங்கி, கறுப்படிச்சுக் கிடந்தது. தொட்டா ஜில்லுன்னு இருக்கு. போன் போட்டேன். "அப்படித்தாண்ணே இருக்கும், தூங்குது." அஞ்சாம் நாளும் அதே பதில். ஏழாம் நாள் மத்தியானம் போனேன். கதவைத் திறக்கும்போதே பிராண்டுற சத்தம். வென்டிலேட்டர் வழியா ஒரு கோடு வெயில் சுவத்துல விழுந்திருந்தது. பெட்டி மூடியைத் தலையால தள்ளிட்டு, முன்னங்கால் ரெண்டையும் வெளிய போட்டு, அந்த வெயிலைப் பார்த்துக்கிட்டு இருந்தது மாணிக்கம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தூக்கம் கலைஞ்சிடுச்சு போலன்னு நினைச்சு, திரும்ப உள்ள தள்ளி, மூடி மேல ஒரு பழைய பத்திரிகைக் கட்டைத் தூக்கி வச்சுட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் வாயோரம் கோழையும், ஒரு நாத்தமும். முதல்ல போன மருத்துவர், நாய் பூனைதான் பார்ப்பேன்னு நேர்மையா சொல்லிட்டார். ஊருக்கு அந்தக் கோடியில ஊர்வன பார்க்குற இன்னொருத்தர். பெட்டியைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை ஏன் குளிர்ல வச்சீங்க?" தூங்க வச்சோம்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "இகுவானா தூங்காதுங்க. குளிர்காலத் தூக்கமே இதுக்குக் கிடையாது." வயித்துல கீரை செரிக்காம அழுகியிருக்கு, நெஞ்சுல சளி. ரெண்டு நாள் ஊசி போட்டுப் பார்த்தார். போயிடுச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

முதல்ல இந்தத் தூக்கம்கிற வார்த்தையைத் தூக்கிக் குப்பையில போடணும். கரடி, அணில் மாதிரி பாலூட்டிகள் குளிர்காலத்துல தன் உடம்புச் சூட்டைத் தானே இறக்கிக்கிட்டுக் கிடக்கும். ஊர்வனவற்றுக்கு நடக்குறது வேற. அதைத் தனியாப் பிரிச்சுச் சொல்லணும்னுதான் 1965-ல வில்பர் மேஹ்யூங்கிற அமெரிக்க விலங்கியலாளர் புரூமேஷன்னு ஒரு சொல்லையே உண்டாக்கினார். லத்தீன்ல புரூமான்னா குளிர்காலம். பல்லி இனத்துக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது. வெளிய என்ன சூடோ, அதுதான் உள்ளயும். செரிமானம், மூச்சு, நோயை எதிர்க்குற சக்தி எல்லாம் அந்தச் சூட்டை நம்பித்தான் ஓடுது. சூடு குறைஞ்சா எல்லாமே மெதுவாகும். வெளிய இருந்து பார்க்குற நமக்கு அது தூங்குற மாதிரி தெரியுது. வலிக்குதுன்னு கத்தத் தெரியாத பிராணி, சாகும்போதும் அப்படித்தான் தெரியும்.

ரெண்டாவது, எந்தப் பல்லி? மெக்சிகோவுல இருந்து பிரேசில் வரைக்கும் வெப்பக் காட்டுல மரத்து மேல வாழுற பிராணி பச்சை இகுவானா. அதோட பரம்பரைக்கே குளிர்காலம் தெரியாது. இலையைத் தின்னு, அதைப் பெருங்குடல்ல கிருமிகளை வச்சுப் புளிக்க வச்சுச் செரிக்கிற உடம்பு. தோசை மாவு மார்கழியில பொங்காதுன்னு நம்ம வீட்டுல தெரியும்ல? அதே கதைதான். ஃபுளோரிடாவுல வளர்த்து விட்ட இகுவானாக்கள் காட்டுல பெருகிக் கிடக்கு. 2020 ஜனவரியில மயாமி வானிலை ஆபீஸ், மரத்துல இருந்து இகுவானா விழலாம், பார்த்துக்கோங்கன்னு எச்சரிக்கையே விட்டாங்க. உலகமே சிரிச்சது, நானும் சிரிச்சேன். விழுந்ததெல்லாம் தூங்கி விழல, குளிர்ல விறைச்சு விழுந்தது. வெயில் வந்தா எழுந்து போறதும் உண்டு, எழாமலே போறதும் உண்டு.

தம்பி படிச்ச வழிகாட்டி யாருக்கு எழுதினதுன்னு பிறகு தேடிப் பார்த்தேன். பியர்டட் டிராகனுக்கு. அது ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை குளிர், இரையும் கிடைக்காது, அதனால மண்ணுக்குள்ள போய் அடங்கிக் கிடக்கும். அந்தப் பிராணிக்கு எழுதினதை இந்தப் பிராணிக்குச் செஞ்சிருக்கோம். ரெண்டும் பல்லி மாதிரி இருக்குங்கிறதைத் தவிர வேற ஒற்றுமை இல்ல.

"அப்ப பியர்டட் டிராகன் வச்சிருக்குறவன் செய்யலாமா?"ன்னு கேட்பீங்க. சரி, உண்மையான தயாரிப்பு என்னன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒரு வயசு முழுசா ஆகாத குட்டியைத் தூங்க வைக்கவே கூடாது. இளைச்சது, நோய்ப்பட்டது, கூடவே கூடாது. மொதல்ல மருத்துவர்கிட்ட காட்டி, மலத்தைப் பரிசோதிச்சு, குடல்ல புழு இருந்தா மருந்து கொடுத்துச் சுத்தம் பண்ணணும். உடம்பு அடங்கிக் கிடக்கும்போது புழு அடங்கிக் கிடக்கும்னு நிச்சயம் இல்ல. அப்புறம் சாப்பாட்டை நிறுத்தணும், ஆனா விளக்கையும் சூட்டையும் நிறுத்தக் கூடாது. ரெண்டு வாரம் போல முழுச் சூட்டுல வச்சு, குடல் காலியாகட்டும்னு காத்திருக்கணும். நாங்க அப்படியே தலைகீழாச் செஞ்சோம் பாருங்க, வயித்தை நிரப்பிட்டு விளக்கை அணைச்சோம். அதுக்கப்புறம்தான் வெளிச்சத்தை நாளுக்குக் கொஞ்சமா, சூட்டைக் கொஞ்சமாக் குறைக்கணும், அதுக்கே ரெண்டு மூணு வாரம். பிறகு 15 டிகிரிக்கு மேல கீழ ஆடாம, வாரக்கணக்குல நிலையா இருக்கணும். தண்ணி எப்பவும் இருக்கணும். வாரா வாரம் தராசுல வச்சுப் பார்க்கணும். எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சா கதையை முடிச்சு எழுப்பிடணும். எழுப்புறதும் ஒரே நாள்ல இல்ல, இறக்கின மாதிரியே படிப்படியா ஏத்தணும்.

இதுல எந்த இடத்துல லீவு இருக்கு? சாதாரண நாளைவிட அதிகமா ஆள் பக்கத்துல இருக்க வேண்டிய வேலை இது. குட்டி பொரிக்க வைக்குறவங்க, இணை சேர்றதுக்காக இதைச் செய்யுறாங்க, அவங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. வீட்டுல ஒத்தைப் பல்லி வச்சிருக்குறவனுக்கு என்ன காரணம்? வருஷம் முழுக்கச் சூட்டையும் வெளிச்சத்தையும் சரியாக் கொடுத்தா, தூங்காமலேயே நல்லா இருக்குற பியர்டட் டிராகன் எத்தனையோ உண்டு. தானா மந்தமாகுற ஒண்ணை மருத்துவர்கிட்ட காட்டி, கண்காணிச்சு விடுறது வேற, நம்ம டிக்கெட் தேதிக்கு அதைப் படுக்க வைக்குறது வேற.

மூணாவது, இது ஹைதராபாத். இங்க வர்றது ஒரு விசித்திரமான குளிர்காலம். டிசம்பர் ஜனவரியில ராத்திரி 14, 15 டிகிரி. யுனிவர்சிட்டிப் பக்கமும் பட்டான்செருப் பக்கமும் சில ராத்திரி 10-க்குக் கீழயே போகும். ஆனா மத்தியானம் 28-ஐத் தொடும், ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிவோம். நமக்கு இது சொர்க்கம். பெட்டிக்குள்ள கிடக்குற பல்லிக்கு இதுதான் நரகம். ராத்திரி குளிர்ல செரிமானம் நிக்குது. பகல்ல சூடு ஏறுது, உடம்பு முழிச்சுக்குது, இருக்குற கொழுப்பை எரிக்குது, இரை தேடுது. இரை இல்ல, வெளிச்சம் இல்ல. மறுபடி ராத்திரி. நல்லா அடங்கவும் முடியாது, நல்லா முழிக்கவும் முடியாது. ஆறு வாரத்துக்கு 15 டிகிரியை நிலையா வைக்கணும்னா இந்த ஊர்ல எதை வச்சு வைப்பீங்க? நம்ம ஏசி ரிமோட்ல கடைசி எண்ணே 16. கரண்டு போனா அதுவும் இல்ல. இங்கிலாந்துல மத்திய தரைக்கடல் ஆமையை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சுக் குளிர்காலம் கடத்துறாங்க, நிஜம்தான். அதைப் படிச்சுட்டு இங்க யாராவது நட்சத்திர ஆமையை ஃபிரிட்ஜுல வைக்காம இருக்கணுமேன்னு எனக்குப் பயம். அந்த ஆமையை வீட்டுல வச்சிருக்குறதே குற்றம்கிறது தனி.

பஹதூர்புராவுல நேரு விலங்கியல் பூங்கா இருக்கு. குளிர்காலம் வந்தா ஊர்வன இருக்குற கூண்டுகளுக்கு ஹீட்டரும் பல்பும் போடுறாங்கன்னு பேப்பர்ல செய்தி வரும். அவங்க சூடு ஏத்துறாங்க, நாம அணைக்குறோம்.

நம்ம நாட்டுலயே நிஜமாக் குளிர்காலத்துக்கு அடங்குற பல்லி ஒண்ணு உண்டு. தார் பாலைவனத்துலயும் கட்ச் பக்கமும் இருக்குற சாண்டா, முள்ளுவால் ஓணான். நல்லாத் தின்னு கொழுத்து, வளைக்குள்ள போய், வாசலை மண்ணால அடைச்சுக்கும். எப்ப இறங்கணும், எவ்வளவு ஆழம், எப்ப ஏறணும்னு அதுவே முடிவு பண்ணுது. அதைத் தோண்டி எடுத்து எண்ணெய் காய்ச்சி, தெருவுல வீரிய மருந்துன்னு விக்கிறோம். அதுவும் சட்டப்படி குற்றம், அதுவும் நடக்குது. அது வேற பதிவு.

நான் சொல்ல வர்றது இதுதான். பல்லிக்கு இருக்குற ஒரே வித்தை இடம் மாறுறது. வெயில்ல ஒரு காலு, நிழல்ல ஒரு காலு வச்சுத்தான் அது உயிர் வாழுது. எங்க வீட்டு டியூப்லைட் பின்னாடி இருக்குற பல்லிகளைப் பாருங்க. மார்கழி வந்ததும் பாதி காணாமப் போகும். ஒண்ணு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி அந்தச் சூடான மோட்டார் பக்கம், ஒண்ணு ஸ்விட்ச் போர்டு இடுக்குல. யாரும் தயார் பண்ணல. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்ட கைதான் என் கையும். அந்தக் கையாலதான் வெயிலைத் தேடி வந்த ஒண்ணை இருட்டுக்குள்ள தள்ளி மூடி போட்டேன். சின்ன வயசுல, ராமருக்கு மூத்திரம் கொடுத்துச்சுன்னு ஊர்ல சொல்ற கதையை நம்பி ஓணானைக் கல்லால அடிச்சவங்க நாங்க. அதுல கொடுமை இருந்தது, பொய் இல்ல. அடிக்கிறோம்னு தெரிஞ்சே அடிச்சோம்.

இன்னொண்ணும் சொல்லணும், தம்பி என்னைத் திட்டினாலும் பரவாயில்ல. ஏன்டா முதல் நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லலன்னு கேட்டேன். "பேப்பர் கேட்டா என்னண்ணே பண்றது?"ன்னான். இகுவானா சைட்டிஸ் ஒப்பந்தத்துப் பட்டியல்ல இருக்குற பிராணி. 2020-ல மத்திய அரசு, வச்சிருக்குறவங்க தானா முன்வந்து சொல்லிடுங்க, ஆறு மாசத்துக்குள்ள சொன்னா ஆவணம் கேட்க மாட்டோம்னாங்க. 2022-ல வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, 2024 பிப்ரவரியில விதிகளும் வந்து, பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும்னு ஆச்சு. வித்தவன் இதுல ஒரு வார்த்தை சொல்லல, ரசீதும் கொடுக்கல. வாங்குனவனும் கேட்கல. சட்டம் வேணாம்னு சொல்ல வரல, வேணும். ஆனா ரசீது இல்லாம வித்தவன் நிம்மதியா அடுத்த தொட்டியைக் கழுவிட்டிருக்கான். பயந்துக்கிட்டு டாக்டர்கிட்ட போகாததுக்கு விலை கொடுத்தது மாணிக்கம்.

"அப்ப வளர்க்கவே கூடாதா?"ன்னு கேட்குறவங்களுக்கு: பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்னா, நாயைப் பார்த்துக்க ஆள் தேடுவீங்க, பூனையைப் பார்த்துக்க ஆள் தேடுவீங்க. பல்லிக்கு மட்டும் ஏன் தேடல? பதில் உங்களுக்கே தெரியும். நாய் ஊளையிடும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அப்படி ஆள் தேட முடியாதவன், அது பல்லியானாலும் சரி, வாங்கக் கூடாது. இதுல எனக்குச் சமாதானமே கிடையாது. பின்னூட்டத்துல வந்து "பாஸ், ஓவரா ஃபீல் பண்றீங்க"ன்னு போடுறவங்க தாராளமாப் போடுங்க.

கேன்டீன்ல எழுந்து வந்தேன்னு சொன்னேன்ல, அப்புறம் சாயங்காலம் அந்தப் பையனை ரெண்டாம் மாடியில தேடிப் பிடிச்சுட்டேன். அவன் வச்சிருக்குறது பியர்டட் டிராகனாம், ஏழு மாசக் குட்டி. ஏழு மாசம்! என் அரைகுறைத் தெலுங்குல ஆரம்பிச்சு இங்கிலீஷ்ல முடிச்சேன். கொஞ்சம் பயந்துட்டான்னு நினைக்கிறேன். பதிமூணாம் தேதி தொட்டியோட கொண்டாந்து எங்க வீட்டுல விடுறதாப் பேச்சு. பரண்ல இருந்து தம்பியோட யுவிபி விளக்கை எடுத்துத் துடைச்சு வச்சிருக்கேன், எரியுது, ஆனா பழசாயிட்டா வெளிச்சம் வந்தாலும் யுவிபி குறைஞ்சிடும்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு, அதனால நாளைக்குப் புதுசு வாங்கணும். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல.